கலோரி எண்ணியும் எடை கூடுகிறதா? சாப்பாட்டைக் குறைக்கும் முன் செய்ய வேண்டியவை

வாரம் முழுக்க 1,500 கலோரிக்குள் சாப்பிட்டிருக்கிறீர்கள். திங்கட்கிழமை காலை தராசு 1 கிலோ கூடக் காட்டுகிறது. இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். உடம்பில் 1 கிலோ கொழுப்பு சேர, செலவாவதற்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அது நடக்காது. கூடியது பெரும்பாலும் தண்ணீர், இல்லையென்றால் இன்னும் குடலில் இருக்கும் சாப்பாடு.

நான்கு வாரமாகச் சராசரி எடையே ஏறிக்கொண்டு போனால் விஷயம் வேறு. கலோரிக் கணக்கில் ஏதோ விடுபடுகிறது, அல்லது மருத்துவர் பார்க்க வேண்டிய காரணம் இருக்கிறது. எது என்று தெரியாமல் தட்டைச் சுருக்கினால் பசியும் சோர்வும்தான் மிஞ்சும். மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200 கலோரிக்கும் ஆண்கள் 1,500 கலோரிக்கும் கீழே போகக் கூடாது.

முதலில் தராசைச் சரிசெய்யுங்கள்

தராசைக் கால்மிதி மேல் வைக்காமல் வெறும் டைல்ஸ் தரையில் வையுங்கள். மெத்தென்ற இடத்தில் எண் மாறும். தினமும் அதே இடம், அதே நேரம்: எழுந்து, கழிவறை போய் வந்து, ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கும் முன், ஒரே மாதிரியான மெல்லிய உடையில். 14 நாள் எழுதுங்கள். முதல் 7 நாளின் சராசரியையும் அடுத்த 7 நாளின் சராசரியையும் மட்டும் ஒப்பிடுங்கள்.

உதாரணமாக, முதல் நாள் 78.6, பதினான்காம் நாள் 78.9 என்று இருக்கலாம். பார்த்தால் ஏறியது போல் இருக்கும். ஆனால் முதல் வாரச் சராசரி 78.4, இரண்டாம் வாரச் சராசரி 78.0 என்றால் நீங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஒரே நாளுக்குள் 1 முதல் 2 கிலோ மாறுவது இயல்பு. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இந்த இரண்டு வாரக் கணக்கும் ஏமாற்றலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கும் உடலில் நீர் தங்கும். சென்ற சுழற்சியின் அதே நாட்களோடு ஒப்பிடுவதே சரி.

வாரம் ஒரு முறை இடுப்பையும் அளந்து எழுதுங்கள். எடை நின்று, இடுப்பு குறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

முதல் காரணம் உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறது. சிங்கப்பூரில் 2022ல் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் சராசரி 3,600 மில்லிகிராமைத் தாண்டியது. மீ சூப், லக்சா, மீன் தலைக் கறி, ஊறுகாய், அப்பளம் எல்லாம் கலோரிக் கணக்குக்குள் அடங்கினாலும் உப்புக் கணக்கை உடைத்துவிடும்.

அடுத்தது மாவுச்சத்து. உடம்பு அதைக் கிளைகோஜனாகத் தசையிலும் கல்லீரலிலும் வைத்துக்கொள்கிறது. 1 கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்கும். வாரம் முழுக்கச் சோற்றைக் குறைத்துவிட்டு ஞாயிறு மதியம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டால், 300 கிராம் கிளைகோஜன் நிரம்பும்போதே 1.2 கிலோ ஏறிவிடும். அதில் கொழுப்பே இல்லை. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் இறங்கும்.

புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்கு முதல் சில வாரம் தசையில் நீர் தங்கும். தசைப் பயிற்சிக்காகக் கிரியேட்டின் என்ற துணைச்சத்துப் பொடி குடிப்பவர்களுக்கும் அப்படியே. மலச்சிக்கல், தாமதமான இரவு உணவு இரண்டும் மறுநாள் காலை எண்ணைக் கூட்டும். இதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது தவறு. குறைக்க வேண்டியது உப்பு.

கணக்கில் விடுபடுவது

சராசரியும் ஏறினால் இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். சோம்பேறித்தனமோ பொய்யோ இதற்குக் காரணமில்லை. 1992ல் அமெரிக்காவில், எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை ஆய்வு செய்தார்கள். அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். கண் அளவு எல்லாரையும் ஏமாற்றும். ஆகவே 1 கிராம் துல்லியமுள்ள சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். அது இல்லாமல் கலோரி எண்ணுவது வீண்.

எண்ணெயில் தொடங்குங்கள். 1 கிராம் எண்ணெயில் 9 கலோரி. கலோரி எண்ணும் செயலியில் 1 தேக்கரண்டி என்று போட்டால் 40 கலோரி. புட்டியைச் சட்டியில் ஒரு சுற்றுச் சுற்றி ஊற்றினால் 30 கிராம் எளிதாக விழும், அது 270. கரண்டியால் அளந்தாலும் வழியும். எண்ணெய்ப் புட்டியையே தராசில் வைத்து, சமைக்கும் முன்பும் பின்பும் எடையைக் குறியுங்கள். வித்தியாசம்தான் சட்டிக்குள் போனது. தோசை சுடும்போதும் இதையே செய்யுங்கள். தோசைக்கு 1 தேக்கரண்டி வீதம் நான்கு தோசைக்கு 160 கலோரி எண்ணெய் மட்டும்.

அடுத்து அரிசி. 100 கிராம் பச்சை அரிசியில், அதாவது வேகாத அரிசியில், ஏறக்குறைய 360 கலோரி. 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 130. வேகாத அரிசி 75 கிராம் அளந்துவிட்டு, செயலியில் வெந்த சோறு 75 கிராம் என்று தேர்ந்தெடுத்தால் 270க்குப் பதில் 98 என்று பதிவாகும். இரண்டு வேளைக்கு 340 கலோரிக்கு மேல் மாயம். பருப்பு, சேமியா, ஓட்ஸ் எல்லாவற்றுக்கும் இதே தவறு நடக்கிறது. வேகாத எடையா வெந்த எடையா என்று ஒன்றை முடிவு செய்து, அதிலேயே நில்லுங்கள்.

குழம்பு வகைக்குச் செயலியில் யாரோ பதிந்த "சாம்பார் ஒரு கிண்ணம்" என்பதை நம்பாதீர்கள். பானைக் கணக்கு இப்படி: வெறும் பானையின் எடையைக் குறியுங்கள். உள்ளே போவதை அளந்து கூட்டுங்கள். துவரம் பருப்பு 150 கிராம் 515, காய்கறி 300 கிராம் 90, எண்ணெய் 20 கிராம் 180, ஆக 785 கலோரி. சமைத்த பின் பானையோடு நிறுத்து, பானை எடையைக் கழியுங்கள். 1,570 கிராம் வந்தால் 100 கிராமுக்கு 50 கலோரி. ஒரு முறை கணக்கிட்டால் அதே செய்முறைக்கு மாதக்கணக்கில் உதவும். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பில் எண் நன்றாகவே ஏறும். பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துச் சேருங்கள்.

கோப்பிக்கடையில் கவனம் தேவை. கெட்டிப்பால் 30 கிராமில் கிட்டத்தட்ட 100 கலோரி, ஒரு நாளைக்கு மூன்று கோப்பி என்றால் 300. கோப்பி-சி (ஆவிப்பால் கோப்பி) சொன்னால் சர்க்கரை இல்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதில் பாலும் உண்டு, சர்க்கரையும் உண்டு. சியூ டாய் என்றால் சர்க்கரை குறையும், அவ்வளவுதான். கணக்கில் சேர்க்கத் தேவையில்லாதது பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி-ஓ கோசோங் அல்லது தே-ஓ கோசோங் (தேநீர்) மட்டும். சிங்கப்பூரில் பானங்களுக்குப் போடும் நியூட்ரி-கிரேட் தர எழுத்து 100 மில்லிக்கானது: பி தரத்தில் 100 மில்லிக்கு 5 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம், 500 மில்லி குடித்தால் 25 கிராம், 100 கலோரி.

உணவங்காடியில் தராசு எடுத்துப் போக வேண்டியதில்லை. பரோட்டாவுக்கும் பிரியாணிக்கும் கிடைக்கும் எண்களில் உயர்ந்ததைப் பதியுங்கள், குழம்பைத் தனியாகச் சேருங்கள். பிள்ளை மிச்சம் வைத்த சோறு, ருசி பார்த்த கரண்டி, அலுவலகத்தில் நீட்டிய முறுக்கு எல்லாம் வாயில் போடும் முன் பதிவாக வேண்டும். சனி, ஞாயிறு விட்டுவிட்டு ஐந்து நாள் மட்டும் எண்ணினால் வாரக் கணக்கே பொய்யாகிவிடும்.

கைக்கடிகாரம் காட்டும் கலோரியைச் சாப்பிட்டு ஈடுகட்டாதீர்கள். 2017ல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் சோதித்த ஏழு கருவிகளில் மிகச் சிறந்ததே கலோரியில் சராசரி 27 சதவீதம் தவறியது. நடையை அடியெண்ணிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

85 கிலோவில் போட்ட கலோரி இலக்கு 78 கிலோவுக்குப் பொருந்தாது. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும். ஒவ்வொரு 5 கிலோவுக்கும் இலக்கைத் திரும்பக் கணக்கிடுங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

இரண்டு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம். அது இதயம் அல்லது சிறுநீரகம் சார்ந்ததாக இருக்கலாம். அவசரப் பிரிவுக்குப் போங்கள், மூச்சுத்திணறல் கடுமையானால் சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

மற்றபடி, நான்கு வாரம் எடைபோட்டுப் பதிந்தும் சராசரி ஏறினால் பலதுறை மருந்தகத்திலோ, சிங்கப்பூர் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் நீங்கள் பதிந்த மருத்துவரிடமோ நேரம் எடுங்கள். தைராய்டு சுரப்பு குறைவை டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை காட்டும். அதனோடு சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் இருக்கிறதா என்று சொல்லுங்கள். மாதவிடாய் ஒழுங்கற்றுப் போய் முகத்தில் முடி வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் பார்ப்பார்கள்.

மருந்துகளில் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, இன்சுலின், கிளிப்பிசைடு வகை நீரிழிவு மாத்திரை, மனச்சோர்வுக்கான மிர்ட்டாசபின், மனநோய்க்கான ஒலான்சபின், வலிப்புக்கான வால்புரோயேட் ஆகியவை எடையைக் கூட்டக்கூடும். இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் சிலருக்குக் காலில் வீக்கம் தரும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. இன்சுலினோ கிளிப்பிசைடோ எடுப்பவர்கள் வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

மூட்டு வலிக்கு என்று இணையத்தில் வாங்கிய மூலிகை மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். அத்தகைய பொருட்கள் சிலவற்றில் பெயர் போடாத டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்பி வயிறு பெருப்பது அதன் அடையாளம். வாரச் சராசரிகள், இடுப்பளவு, ஒரு வாரச் சாப்பாட்டுப் பதிவு, எல்லா மருந்துகளும் அவற்றின் அட்டைப் பெட்டியோடு: இவ்வளவையும் மருத்துவரின் மேசையில் வையுங்கள்.