குவாதலூப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். குவாதலூப்பும் அந்தக் கரீபியன் தீவு வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போய் கிரிக்கெட்டையும் ஆங்கிலத்தையும் தேடாதீர்கள். 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். பேச்சு பிரெஞ்சும், அதிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோலும், பணம் யூரோ, ஆட்டம் கால்பந்து. 1998 உலகக் கோப்பையை வென்ற பிரெஞ்சு அணியின் லிலியான் துராம் அங்கே பிறந்தவர்தான்.

சரி, பிரான்ஸ்தானே என்று, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவோடு கிளம்பிவிடுவது அடுத்த தவறு. பணமும் பயணமும் சேர்ந்து கெடுவது இதில்தான். குவாதலூப் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கிறது, ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களின் வழக்கமான சுற்றுலா ஷெங்கன் விசா அங்கே செல்லாது. விண்ணப்பிக்கும்போதே குவாதலூப் என்று எழுதி அதற்கான விசா கேளுங்கள். பாரிசில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டியிருந்தால் ஷெங்கன் விசாவும் வேண்டும். டிக்கெட் போடும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

வரைபடத்தில் தீவு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். நடுவே ஒடுக்கமான கடல்கால் ஒன்று இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், அதாவது பெரிய நிலம். மேற்குச் சிறகு பாஸ்-தேர், தாழ்ந்த நிலம். பெயரை நம்பித் திட்டம் போட்டால் எல்லாம் தலைகீழாகும். பெரிய நிலம்தான் சிறியது. சுண்ணாம்புக்கல் பூமி, மணல் கடற்கரைகள். தாழ்ந்த நிலத்தில்தான் 1,467 மீட்டர் உயரத்தில் லா சூஃப்ரியேர் எரிமலை நிற்கிறது. 1976இல் அது குமுறியபோது சுமார் 70,000 பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். தலைநகரின் பெயரும் பாஸ்-தேர்தான், எரிமலையின் காலடியில் இருக்கிறது. விமான நிலையமோ மறுசிறகில், புவாந்த்-ஆ-பித்ர் நகரின் பக்கத்தில். தலைநகரில்தானே இறங்குவோம் என்று அங்கே அறை போட்டுவிடாதீர்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அதைத் தவிர்த்தால் நல்லது.

கடற்கரையில் ஒரு மரத்தை அவசியம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மான்சினீல் என்று பெயர். சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்கள் மணலில் உதிர்ந்து கிடக்கும், வாசனையும் இனிப்பாக இருக்கும். தின்றால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். மரத்தின் பால் பட்ட இடம் கொப்பளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே தோலைப் பொசுக்கிவிடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பெயிண்ட் வளையம் போட்டிருப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் முதல் நாளே அதைக் காட்டிவிடுங்கள்.

வரலாற்றில் பலரும் தவறுவது அடிமை முறை விஷயத்தில். அது ஒரே தடவையில் ஒழியவில்லை. 1794இல் ஒழித்தார்கள், 1802இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். எதிர்த்து நின்ற லூயி தெல்க்ரே, சரணடைய மறுத்து, அந்த ஆண்டு மே 28 அன்று மத்தூபா என்ற இடத்தில் தோழர்களோடு வெடிமருந்துக்குத் தீ வைத்து மாண்டார். விடுதலை மறுபடி வர 1848 ஆயிற்று. கடற்கரையோடு திரும்பிவிடாமல், புவாந்த்-ஆ-பித்ரில் 2015இல் திறந்த அடிமை வரலாற்று நினைவகத்துக்கு ஒரு அரை நாள் கொடுங்கள்.

1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடியபோதுதான் நம் கதை அங்கே தொடங்குகிறது. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகவும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போனார்கள். மொத்தம் சுமார் 42,000 இந்தியர்கள், அவர்களில் தமிழர் ஏராளம். முத்துசாமி, ராமசாமி என்ற பெயர்களை இன்றும் பிரெஞ்சு எழுத்தில் பார்க்கலாம். பெயரைப் பார்த்துவிட்டு "தமிழ் தெரியாதா?" என்று கேட்டுவிடாதீர்கள். தோட்டத்திலும் பள்ளியிலும் பறிபோன மொழி அது. மாரியம்மன் அங்கே மாலியெமின். அவளுக்கான பாட்டுகளில் மட்டும் தமிழ் இன்னும் ஒலிக்கிறது. கூலி வம்சத்துக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு என்று 1904 முதல் வழக்காடி, 1923இல் ஜெயித்த ஆன்ரி சிதம்பரத்தைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு தானாக வளரும்.

சாப்பாட்டுக் கடையில் கொலொம்போ என்று எழுதியிருந்தால் இலங்கைச் சமையல் என்று தள்ளிவிடாதீர்கள். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த பொடிக்கும், அதைப் போட்டு வைக்கும் ஆட்டுக்கறிக் குழம்புக்கும் அங்கே அதுதான் பெயர்.