காட்டுப்பாதையில் கூட்டமாக ஓடும்போது

நண்பர்களோடு காட்டுப்பாதையில் ஓடக் கிளம்பும் முன் எத்தனை பேர் என்று எண்ணிவிடுங்கள். முன்னால் ஓடுபவரைவிட முக்கியம், கடைசியில் வருபவர். பாதை தெரிந்த, நிதானமான ஒருவர் அந்த இடத்தில் இருக்கட்டும். அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது.

கூட்டம் சிதறுவது பெரும்பாலும் பாதை பிரியும் இடத்தில்தான். வேகமாகப் போகிறவர் சட்டென்று திரும்பிவிடுவார். பின்னால் வருபவர் வேர், கல் தட்டாமலிருக்கத் தரையையே பார்த்தபடி நேராகப் போய்விடுவார். ஆகவே ஒவ்வொரு பிரிவிலும், கடைசி ஆள் வந்து சேரும்வரை எல்லோரும் நில்லுங்கள். வேகம் குறைகிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்!

யாருக்காவது கணுக்கால் பிசகினால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வியர்வையில் நனைந்த உடம்பு, ஓடாமல் நின்றதும் மளமளவென்று குளிர்ந்துவிடும். ஈர பனியனைக் கழற்றி, காய்ந்த சட்டையைப் போட்டுவிட்டு, வெறும் தரையில் இல்லாமல் பையின் மேல் உட்கார வையுங்கள். அவரைத் தனியே விட்டுப் போகவே கூடாது.

வழி தவறியவர் அலையாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு விசில் இருந்தால் நல்லது: நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். அதைக் கேட்டவர் பதிலுக்கு நிமிடத்துக்கு 3 முறை ஊத வேண்டும். இது மலையேறுபவர்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் ஆபத்துச் சைகை. சிக்னல் தேடியே போன் சார்ஜ் தீர்ந்துவிடும். தேவைப்படாத நேரத்தில் ஏரோப்ளேன் மோடில் போட்டு வையுங்கள்.