விண்கப்பலில் முழக்கோல்: அறிவியல் புனைகதைக்கு அலகுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கதையில் முதல் எண்ணை எழுதுவதற்கு முன், அதை அளந்தவர் யார் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். எழுத்தாளருக்கு எந்த அலகு வசதியானது என்பது இரண்டாம் கேள்விதான். செவ்வாயைச் சுற்றிவர 1998 டிசம்பரில் நாசா ஏவிய காலநிலை ஆய்வுக்கலம் இதற்கு நல்ல சான்றாகும். கலத்தின் சிறு உந்திகள் தந்த கணத்தாக்கை, அதாவது உந்துவிசையை அது நீடித்த நேரத்தால் பெருக்கிய அளவை, தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று பவுண்டு-விசை விநாடிகளில் கணக்கிட்டுக் கொடுக்க, பாதையைக் கணித்தவர்கள் அந்த எண்களை நியூட்டன் விநாடிகள் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு உண்டு. ஒவ்வொரு முறையும் சிறிதாக இருந்த பிழை பல மாதப் பயணத்தில் சேர்ந்துகொண்டே போனது. 1999 செப்டம்பர் 23 அன்று, 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டிய கலம் சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கித் தொலைந்துபோனது. ஒரே திட்டத்தில் உழைத்த இரு குழுக்களின் வெவ்வேறு பழக்கங்கள் அந்த அலகுகளுக்குள் இருந்தன. கதையிலும் அலகு அப்படித்தான் செயல்பட வேண்டும்: ஒருவர் எங்கே பயின்றார், எந்தத் தொழிலில் இருக்கிறார், யாருடைய கருவியைக் கையில் வைத்திருக்கிறார் என்பதை அது காட்ட வேண்டும்.

ஆகவே, கதைசொல்லியின் குரலுக்கு ஒரு முறையையும் பாத்திரங்களின் பேச்சுக்கு அவரவர்க்குரிய முறையையும் வகுத்துக்கொள்வது நல்லது. தமிழில் எழுதும்போது கதைசொல்லிக்கு மெட்ரிக் முறையே இயல்பாகப் பொருந்தும். ஆனால் நம் வாசகர்கள் எல்லாவற்றையும் மெட்ரிக்கில் உணர்வதில்லை. தொலைவைக் கிலோமீட்டரில் சொல்பவர் ஆளின் உயரத்தை அடியில் சொல்கிறார். மனையைச் சென்டிலும், நகையைப் பவுனிலும், குழந்தையின் காய்ச்சலைப் பாரன்ஹீட்டிலும் சொல்கிறார். எனவே எதிர்காலக் கதையில் ஒருவரை ‘ஆறடி உயரம்’ என்று எழுதுவது பிழையாகாது. உலகெங்கும் வானூர்திகளின் உயரம் பெரும்பாலும் அடியிலும், கடற்பயணத் தொலைவு 1,852 மீட்டர் கொண்ட கடல்மைலிலும் இன்றும் சொல்லப்படுவதை எண்ணிப் பார்த்தால், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஏதோ ஒரு தொழிலில் ஒரு பழைய அலகு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கருதுவதே பொருத்தமாக இருக்கும்.

அமெரிக்கப் பாத்திரங்களுக்கு ‘இம்பீரியல்’ அலகுகளைக் கொடுக்கும்போது கவனம் தேவை. இம்பீரியல் முறை பிரிட்டன் 1824-இல் சட்டமாக்கியது. அமெரிக்க வழக்கு அதிலிருந்து வேறுபடுகிறது. அமெரிக்க கேலன் ஏறத்தாழ 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். எரிபொருள் தீர்ந்துபோவதை மையமாகக் கொண்ட கதைக்கு இந்த வேறுபாடே ஒரு திருப்பத்தைத் தரக்கூடும்.

பூமியோடு தொடர்பறுந்த குடியேற்றத்தைப் பற்றி எழுதுபவர் இன்னும் ஆழமாகச் சிந்திக்க வேண்டும். மீட்டர் பிறந்தபோது பூமியைச் சார்ந்திருந்தது: வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தொலைவின் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில் அதை வகுத்தார்கள். இன்று அப்படி இல்லை. 1967 முதல் விநாடி என்பது சீசியம்-133 அணுவின் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 919,26,31,770 அலைவுகளுக்கான நேரம். 1983 முதல் மீட்டர் என்பது வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கில் கடக்கும் தொலைவு. பாரிசுக்கு அருகில் பூட்டிவைக்கப்பட்டிருந்த உலோக உருளையிலிருந்து விடுபட்டு, 2019 மே 20 முதல் கிலோகிராமும் பிளாங்க் மாறிலி என்ற, எங்கும் மாறாத இயற்கை அளவைச் சார்ந்ததாகிவிட்டது. எனவே, இந்த எண்களும் ஓர் அணுக் கடிகாரமும் கைவசம் உள்ள குடியேற்றம் எந்த விண்மீனின் அருகிலும் மீட்டரை மறுபடியும் ஆக்கிக்கொள்ள முடியும். அடிக்கும் அங்குலத்துக்கும் தனியான ஊன்றுகோல் கிடையாது. 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஓர் அங்குலம் மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்றே வகுக்கப்பட்டிருக்கிறது. மெட்ரிக்கா இம்பீரியலா என்ற விவாதத்தைப் பாத்திரங்கள் நடத்துவதாக எழுதுவோர் இதை மறக்கலாகாது.

கருவிகளை எல்லாம் இழந்த குடியேற்றமாக இருந்தால், அளவு மீண்டும் உடம்புக்குத் திரும்பிவிடும். சாண், முழம், பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம்) ஆகியவை நம்மிடம் இருந்தது அப்படித்தான். எண்சாண் உடம்பு என்ற வழக்கில் ஓர் நுட்பம் இருக்கிறது: அவரவர் உடம்பு அவரவர் கையால் எட்டுச் சாண். குறைந்த ஈர்ப்பில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து உடலமைப்பு மாறிய மக்களாகக் கற்பனை செய்தால், அவர்களுடைய முழம் பூமியின் முழமாக இராது; பழைய வரைபடத்தை நம்பிச் சுவர் எழுப்புபவர்கள் ஏமாறுவார்கள். இதுபோன்ற இடத்தில் அலகு கதையைத் தானே நகர்த்துகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு வகை அலகுகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். விநாடி இயற்கை மாறிலியைச் சார்ந்தது, எங்கும் மாறாது. நாழிகை நாளின் பகுதி. நாள் மாறினால் அதுவும் மாறும். செவ்வாயின் ஒரு பகல்-இரவு 24 மணி 39 நிமிடம் 35 விநாடி என்பதால், நாளில் அறுபதில் ஒரு பங்கான நாழிகை அங்கே 24 நிமிடத்துக்குப் பதிலாக ஏறக்குறைய 24 நிமிடம் 40 விநாடியாக நீளும். தமிழில் எழுதுபவருக்கு இது வாய்த்த வரம் என்றே நான் நினைக்கிறேன்: ஆய்வகத்தில் விநாடி, வயல்குடிலில் நாழிகை என்று வைத்தால், விளக்கம் எதுவுமின்றி இரு உலகங்கள் கண்முன் வந்துவிடும். செவ்வாய் ஊர்திகளை இயக்கிய பொறியாளர்கள் அங்குள்ள நாளைச் ‘சோல்’ என்று அழைத்து, அதற்கேற்ப மெதுவாக ஓடும் கைக்கடிகாரங்களைக் கட்டிக்கொண்டு பணியாற்றியதும் நடந்ததுதான்.

சூரிய உதயமே இல்லாத கப்பலில் கிலோவிநாடி பொருந்தும். ஒரு கிலோவிநாடி 16 நிமிடம் 40 விநாடி; ஒரு மெகாவிநாடி ஏறத்தாழ பதினொன்றரை நாள்; ஒரு கிகாவிநாடி சுமார் 31.7 ஆண்டு. ஆனால் புதுமுறையை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டதாக எழுத வேண்டாம். நாளைப் பத்து மணியாகப் பிரித்த பிரெஞ்சுப் புரட்சி அரசின் முறை 1793-இல் ஆணையாகி, 1795-இலேயே கட்டாயம் நீக்கப்பட்டது. முணுமுணுக்கும் முதியவர் ஒருவரையாவது கப்பலில் வைப்பது நம்பகத்தன்மையைக் கூட்டும்.

வரைவுகளில் நான் மிகுதியாகக் காணும் பிழை எடைக்கும் நிறைக்கும் இடையிலானது. பூமியில் 70 கிலோ காட்டும் ஒருவர், பூமிக்காகக் குறியிடப்பட்ட சுருள்வில் தராசில் செவ்வாயில் நின்றால் சுமார் 26 கிலோ காட்டும்; இரு தட்டுத் தராசில் எடைக்கல்லோடு ஒப்பிட்டால் அங்கும் 70 கிலோதான். பொருளைத் தூக்குவது எளிதாகும், ஓடிவரும் பொருளை நிறுத்துவது எளிதாகாது. அரை டன் பெட்டி எடையற்று மிதந்து வந்தாலும், சுவருக்கும் அதற்கும் இடையே அகப்பட்ட கை நசுங்கும்.

அடுத்தது, மாற்றிக் கணக்கிடும்போது ஏற்படும் பொய்யான துல்லியம். ‘நூறு மைலுக்கு அப்பால்’ என்பது ஒரு தோராயம், அதை ‘160.9 கிலோமீட்டருக்கு அப்பால்’ என்று ஆக்கினால், பேசுபவர் அளவுநாடாவோடு நிற்பதுபோல் ஆகிவிடும். நூற்றைம்பது கிலோமீட்டர் என்பதே போதும். வெப்பநிலையில் இன்னொரு பொறி உண்டு. 50 டிகிரி பாரன்ஹீட் என்ற நிலை 10 டிகிரி செல்சியசுக்குச் சமம்; ஆனால் வெப்பம் 50 பாரன்ஹீட் டிகிரி கூடியது என்றால், கூடியது ஏறத்தாழ 28 செல்சியஸ் டிகிரி. நிலைக்கு 32-ஐக் கழிக்க வேண்டும், வேறுபாட்டுக்குக் கழிக்கக் கூடாது.

விண்வெளித் தொலைவுக்குக் கோடிக் கணக்கில் கிலோமீட்டர்களை அடுக்குவதைவிட ஒளி செல்லும் நேரத்தைப் பயன்படுத்துவது சிறந்தது. நிலவு ஏறத்தாழ 1.3 ஒளிவிநாடித் தொலைவில் இருக்கிறது. செவ்வாய் நெருங்கும்போது மூன்று ஒளிநிமிடம், விலகும்போது இருபத்திரண்டு. தாய் பூமியிலும் மகள் செவ்வாயிலும் இருக்க, “சாப்பிட்டாயா அம்மா?” என்ற கேள்விக்கு, செவ்வாய் விலகியிருக்கும் நாட்களில், போய்த் திரும்பும் நேரத்தையும் சேர்த்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பதில் வரும் என்று எழுதினால், தொலைவு எவ்வளவு என்று வாசகருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒளியாண்டும் பார்செக்கும் தொலைவைக் குறிப்பவை, காலத்தை அல்ல. ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு.

வேற்றுலகினருக்கு அலகு அமைக்கும்போது பெயரைக் கடைசியாக வையுங்கள். முதலில் அவர்கள் எத்தனை விரல்களால் எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். எட்டு விரல் கொண்டவர்களுக்கு நம்முடைய ‘ஆயிரம்’ மூன்று சுழிகளில் முடியும் நேர்த்தியான எண்ணாகத் தோன்றாது. பிறகு, இரு தரப்புக்கும் பொதுவான ஒன்றைத் தேடுங்கள். 1972-இல் புறப்பட்ட பயனியர் 10 விண்கலத்தில், வேற்றுலகினர் கண்டால் படிப்பதற்காகப் பொருத்திய தகட்டில், ஹைட்ரஜன் அணு வெளியிடும் சுமார் 21 சென்டிமீட்டர் அலைநீளமே அளவுகோலாக வைக்கப்பட்டது. அதில் வரையப்பட்ட பெண்ணின் உயரம் அந்த அலைநீளத்தைப் போல் எட்டு மடங்கு. புதிதாக ஆக்கும் அலகுப் பெயர்கள் ஒரு கதையில் மூன்றைத் தாண்டாதிருப்பது நலம். அவற்றையும் அடிக்குறிப்பால் விளக்காமல், கதவு, படுக்கை, நடை போன்ற தெரிந்தவற்றின் அருகில் வைத்து அறிமுகப்படுத்துங்கள்.

வரைவு முடிந்தபின், கதையில் உள்ள எண்களை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் யார் சொன்னது, எந்தக் கருவியில் அளந்தது, விநாடி, மீட்டர், கிலோகிராமில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிரே எழுத ஒன்றுமில்லாத எண்ணைக் கதையிலிருந்து எடுத்துவிடலாம்.