தாய்லாந்து மருத்துவமனை பில்லைச் சரிபார்ப்பது எப்படி? கிளைம் பிரிவுக்குப் புதியவர்களுக்கு

சந்தேகத்துக்குரிய வெளிநாட்டு மெடிக்ளைம் ஒன்று மேசைக்கு வந்ததும் புதியவர்கள் பலரும் பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு உடனே போன் போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காரணம் நான்காம் படியில் வருகிறது.

எங்களிடம் அடிக்கடி வரும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். சுற்றுலாவுக்கு பாங்காக் போனவருக்கு டெங்கு. தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் உள்நோயாளி. பில் முழுவதும் ரொக்கமாகக் கட்டியிருக்கிறார். பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணை ஒருமுறைகூட அழைக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட் (கட்டிய பணத்தைத் திரும்பத் தருவது) கேட்கிறார். பாலிசி எடுத்தது புறப்படுவதற்கு முந்தைய நாள்.

இதில் எதுவும் மோசடிக்கு ஆதாரம் இல்லை. பயணக் காப்பீட்டைப் பெரும்பாலானோர் கடைசி நேரத்தில்தான் எடுக்கிறார்கள். காய்ச்சலில் கிடப்பவருக்கு உதவி எண் ஞாபகம் வராமல் போவதும் சகஜம். சந்தேகம் வந்தால் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். உண்மையிலேயே படுத்தவருக்குப் பணம் சீக்கிரம் போய்ச் சேருவதும் இந்த வேலையின் ஒரு பாதி.

படி 1: பயணம் நடந்ததா?

விமான டிக்கெட் மட்டும் போதாது. டிக்கெட்டை எடுத்துவிட்டு ரத்து செய்யலாம். போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்கள், இவற்றைக் கேளுங்கள். தானியங்கி வாயில் வழியாகப் போனவர் பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாமலும் இருக்கலாம். அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்து போகும் வெளிநாட்டவர் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதன் உறுதி மின்னஞ்சலைக் கேட்டு வாங்கலாம்.

படி 2: தேதிகள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. தாய்லாந்தில் புத்த ஆண்டுக் கணக்கு நடைமுறையில் இருக்கிறது. நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். 2024 அங்கே 2567. ஆகவே பில்லில் 2567 என்று பார்த்ததும் ‘போலி’ என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள். அது நல்ல அறிகுறிதான். இரண்டு இலக்கத்தில் எழுதும்போது குழப்பம் இன்னும் கூடும். 15/11/67 என்றால் 2024 நவம்பர் 15. 1967 இல்லை. பிறந்த தேதியும் இப்படியே வரும்: 1980இல் பிறந்தவருக்கு 2523 என்று இருக்கும்.

சரி, இதை வைத்து என்ன பார்ப்பது? ஒரே மருத்துவமனையின் தாள்களுக்குள் கணக்கு இடிக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில மருத்துவச் சான்றில் 2024, தாய்லாந்து மொழி ரசீதில் 2567 என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் டிசம்பர் 2024 சிகிச்சைக்கு ரசீதில் 2568 என்று இருந்தால், யாரோ கையால் கணக்குப் போட்டு எழுதியிருக்கலாம். மருத்துவமனை மென்பொருள் ஆண்டைத் தப்பாகப் போடுவது அபூர்வம்.

படி 3: எண்களும் மருத்துவமும்

தாய்லாந்து மருத்துவமனைகளில் நோயாளிக்கு எச்.என் (மருத்துவமனைப் பதிவு எண்) நிரந்தரமானது. எத்தனை முறை போனாலும் அதே எண்தான். ஏ.என் (அட்மிஷன் எண்) உள்நோயாளியாகச் சேர்க்கும்போது மட்டும் வரும். நான்கு நாள் அட்மிஷன் என்று சொல்லும் ஃபைலில் ஏ.என் எங்குமே இல்லை என்றால் அதைக் கொட்டை எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் கையெழுத்துக்குக் கீழே தாய்லாந்து மொழியின் ‘வ’ எழுத்தும் ஒரு புள்ளியும் போட்டு உரிம எண் இருக்கும். தாய்லாந்து மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் மருத்துவர் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறுவதால், முத்திரையில் உள்ள தாய்லாந்து எழுத்துகளை கூகுள் லென்ஸில் எடுத்து, அப்படியே ஒட்டித் தேடுங்கள்.

இன்னொன்று, வரி. தாய்லாந்தில் மதிப்புக்கூட்டு வரி 7%. ஆனால் மருத்துவமனை சிகிச்சைக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. உள்நோயாளி பில்லின் மொத்தத் தொகைமீது 7% ஏறியிருந்தால் கேள்வி எழுப்புங்கள்.

டெங்கு என்றால் ரத்தப் பரிசோதனை வரிசையைப் பாருங்கள். என்.எஸ்.1 ஆன்டிஜென் (டெங்கு வைரஸின் புரதம்) காய்ச்சலின் முதல் சில நாள்களில் பாசிட்டிவ் ஆகும். ஐ.ஜி.எம் (உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்) பொதுவாக அதற்குப் பிறகுதான். பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) இறக்கம் காய்ச்சல் தணியும் நேரத்தை ஒட்டி வரும். உள்நோயாளி என்றால் ரத்த எண்ணிக்கை தினமும் எடுப்பார்கள், பில்லிலும் அத்தனை வரிகள் இருக்க வேண்டும். மூன்று நாள் அறிக்கையிலும் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) தசமப் புள்ளி மாறாமல் ஒரே எண்ணாக நின்றால், தேதியை மட்டும் மாற்றிய நகலாக இருக்க வாய்ப்புண்டு. இந்த இடத்தில் உங்கள் அலுவலக மருத்துவரின் கருத்தை எழுத்தில் வாங்காமல் நகராதீர்கள்.

படி 4: மருத்துவமனையிடம் கேட்பது

முழு விசாரணையும் இதில்தான் நிற்கிறது. பில்லை உருவாக்கியவரே அதில் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டிருக்க முடியும். அதற்குப் பேசினால் ‘ஆமாம் சார், எங்கள் நோயாளிதான்’ என்று பதில் வரும், நீங்களும் ஃபைலை மூடிவிடுவீர்கள். மருத்துவமனையின் தொடர்பை நீங்களே தனியாகத் தேடி எடுங்கள். இணையதள முகவரியில் ஒரு எழுத்தோ கோடோ கூடுதலாக இருக்கிறதா பாருங்கள். ஹூயிஸ் (இணைய முகவரிப் பதிவு விவரம் காட்டும் சேவை) தேடலில் டொமைன், அதாவது அந்த முகவரி, பதிவான தேதி தெரியும். அட்மிஷனுக்குப் பிறகு பதிவான டொமைன் என்றால் விஷயம் தீவிரம்.

அடுத்து, கடிதம். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்: முதல் கடிதத்தில் தொகையையோ நோயையோ குறிப்பிடாதீர்கள். ‘இந்தத் தேதிகளில் இவ்வளவு பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டினாரா?’ என்று எழுதினால், வேலை நெருக்கடியில் இருக்கும் பதிவேட்டுப் பிரிவு ஊழியர் ‘உறுதி செய்கிறோம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மட்டும் கொடுத்து, எப்போது சேர்ந்தார், எப்போது டிஸ்சார்ஜ், ஏ.என் எவ்வளவு, என்ன நோய், மொத்தம் எவ்வளவு, எப்படிக் கட்டினார் என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு, இரண்டாவது கடிதத்தில் பில்லின் நகலை இணைத்து ‘இது நீங்கள் கொடுத்ததா?’ என்று கேளுங்கள்.

தாய்லாந்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 ஜூன் 1 முதல் முழுமையாக அமலில் உள்ளது. கிளைம் கேட்டவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் பதிலை எதிர்பார்க்காதீர்கள். கடிதத்தை ஆங்கிலத்திலும் தாய்லாந்து மொழியிலும் சேர்த்து அனுப்புங்கள். பாங்காக் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது, மதியம் மூன்றுக்கு மேல் போன் செய்தால் ஆள் கிடைப்பது சிரமம். ஏப்ரல் நடுவில் சோங்க்ரான் (தாய்லாந்துப் புத்தாண்டு) விடுமுறை, அதையும் கணக்கில் வையுங்கள்.

படி 5: பி.டி.எஃப்

பி.டி.எஃப்பாக வந்த பில்லின் உள்விவரங்களைப் பார்க்க எனக்கு எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் போதும். உருவாக்கிய மென்பொருள், உருவான நேரம், திருத்திய நேரம் எல்லாம் காட்டும். ஆன்லைனில் இலவசமாகப் பார்த்துத் தரும் தளங்கள் வேண்டவே வேண்டாம். இன்னொருவரின் மருத்துவத் தாளை முகம் தெரியாத சர்வருக்கு ஏற்ற நமக்கு உரிமை இல்லை. ஆனால் போனில் ஸ்கேன் செய்தாலோ, நான்கு ஃபைலை ஒன்றாக்கினாலோ இந்த விவரங்கள் இயல்பாகவே மாறிவிடும். ஆகவே இது துணைத் தகவல் மட்டுமே. அசல் தாளை கூரியரில் கேளுங்கள்.

படி 6: முடிவு

மறுப்பதாக இருந்தால் உங்கள் சந்தேகத்தை அல்ல, ஆதாரத்தை எழுதுங்கள். 2024 மே மாத ஐ.ஆர்.டி.ஏ.ஐ (இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) சுற்றறிக்கைப்படி, நிறுவனத்தின் தயாரிப்பு மேலாண்மைக் குழு அல்லது அதன் கிளைம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மருத்துவக் கிளைமை மறுக்க முடியாது. வாடிக்கையாளர் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். அங்கே ‘பில் சரியில்லாதது போல் தெரிந்தது’ என்பது நிற்காது.

பின்சேர்க்கை 1: ‘எச்.என் சரி, ஆனால் ஏ.என் இல்லை என்று மருத்துவமனை சொல்கிறது, என்ன அர்த்தம்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். புறநோயாளியாக உண்மையிலேயே போயிருக்கிறார், அதை அட்மிஷனாக ஊதியிருக்கலாம். மருத்துவமனையே இல்லாத போலியைவிட இந்த வகையைக் கண்டுபிடிப்பது கடினம். அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஓர் இரவு கண்காணிப்பில் வைத்திருந்தார்களா என்று தனியாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பின்சேர்க்கை 2: பதிலே வராவிட்டால்? நினைவூட்டல் அனுப்புங்கள். பிறகு உங்கள் நிறுவனத்தின் உதவிச் சேவைக்கு அங்கே இருக்கும் உள்ளூர் ஆளை நேரில் அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை கிளைம் கேட்டவருக்கு நிலவரத்தை எழுத்தில் தெரிவித்துக்கொண்டே இருங்கள். கிளைமைத் தீர்க்க வேண்டிய கெடு தாண்டினால் வங்கி விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்) மேல் 2% வட்டி சேர்த்துக் கட்ட வேண்டியது நிறுவனம்தான்.