தோளில் ஊசி இறக்குமுன்: அக்குபஞ்சர் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் குறுகிய காலப் பயிற்சியை முடித்துக்கொண்டு சான்றிதழுடன் ஊர் திரும்பும் இளையவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். தோட்டங்களில் நடக்கும் இலவச முகாம்களில் அவர்களுக்கு அருகே நின்று பார்க்கையில், பழகும் காலத்தில் என் கை செய்த அதே வேலைகளை அவர்களுடைய கைகளும் செய்கின்றன. பயன்படுத்திய ஊசியை மறுபடி தொடக்கூடாது, கையைக் கழுவ வேண்டும் என்பவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை இன்னும் சொல்லித்தர வேண்டிய நிலையில் இருப்பவர் ஊசிப் பெட்டியையே திறக்கக் கூடாது.

தோள் உச்சியில் நேராக இறக்குவது

நம்மிடம் வருபவர்களில் கழுத்து நோவும் தோள் நோவும் உள்ள கொழுந்து பறிக்கும் பெண்களே அதிகம். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, பாரம் முழுவதும் முதுகில் தொங்க, நாள் முழுவதும் மேட்டில் ஏறி இறங்குவதால் அவர்களுடைய கழுத்துச் சரிவின் இரு பக்கமும் இறுகிப் போயிருக்கும். பழகுபவர் அந்த இடத்தை விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு உடனே நாடுவது பித்தப்பை நாளம் என்று அக்குபஞ்சரில் சொல்லப்படும் சக்திப் பாதையின் 21ஆம் புள்ளியான ஜியான்ஜிங்கை. ஏழாம் கழுத்தெலும்பின் முனைக்கும் தோளின் வெளி முனைக்கும் நடுவில் இருக்கும் அது நல்ல புள்ளிதான். ஆனால் நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கு மேலேயும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் எழும்பி நிற்கிறது என்பதும், மெலிந்த உடலில் அந்தப் புள்ளியின் தோலிலிருந்து நுரையீரல் உறைக்கு 2 சென்ரிமீற்றர் கூட இல்லாமல் போகலாம் என்பதும் அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கையில் இருப்பதோ 40 மில்லிமீற்றர் ஊசி.

தவறு விரலில் தொடங்குகிறது. இறுகிய தசையைத் தொட்டவுடன் அதைத் தடித்த தசை என்று எண்ணிவிடுகிறார்கள். நாற்பது கிலோவைச் சற்றே தாண்டிய ஒரு பெண்ணின் தோளில் எவ்வளவு இறுக்கம் இருந்தாலும் தடிப்பு இருக்காது. அடுத்தது அளவு. புள்ளியின் இடத்தையும் ஆழத்தையும் அளக்கும் ஒரு சுன் என்பது நோயாளியின் கட்டைவிரல் அகலம், வைத்தியரின் விரல் அகலமன்று. பருத்த கையுள்ள இளைஞர் தம் விரலை வைத்து அளந்தால் இடமும் பிசகும், ஆழமும் பிசகும். அதற்கு மேல், 'தே சி' என்று சொல்லப்படும் அந்தக் கனத்த உணர்வு வந்தால்தான் ஊசி வேலை செய்யும் என்று வகுப்பில் கேட்டிருப்பார்கள். அது வரும்வரை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊசியை இறக்குவார்கள்.

குளிரையும் இதில் சேர்க்க வேண்டும். நுவரெலியாவில் மாசி மாதத்தில் யாரும் சுவெட்டரைக் கழற்ற விரும்புவதில்லை. கழுத்துப் பட்டியை ஒதுக்கிவிட்டு ஊசி போடுகிறார்கள். நோயாளி நடுங்குகிறாரே என்று இரக்கப்பட்டு அதன்மேல் கம்பளியையும் போர்த்துகிறார்கள். கம்பளியின் பாரத்தில் ஊசியின் பிடி மெல்லச் சரிந்து உள்ளே போவதை நான் கண்ணால் பார்த்து, போர்வையைப் பிடுங்கியிருக்கிறேன்.

ஒரு தோட்ட முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். கதிரையில் உட்கார்ந்திருந்த ஓர் அக்காவின் இரு தோள்களிலும் நேராக ஊசி இறங்கியது. எடுக்கும்போது ஒரு பக்கம் சுருக்கென்று குத்தியதாக அவர் சொன்னார். "அடைப்பு விடுபடுகிறது, நல்லது" என்று பதில் வந்தது. அவர் லயத்துக்கு நடந்து போனார், சமைத்தார், படுத்தார். இரவில் வறட்டு இருமல் பிடித்தது. மறுநாள் மலையேறும்போது மூச்சு முட்டியது. தொலைபேசியில் கேட்டபோது, நோய் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் சரியாகும் என்று ஊசி போட்ட பையன் உறுதியாகச் சொல்லியிருக்கிறான். வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தபோது ஒரு நுரையீரல் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. நெஞ்சில் குழாய் போட்டுக் காற்றை எடுத்தார்கள். அவர் உயிர் பிழைத்தார், ஆனால் பல நாள் வேலைக்குப் போகாததால் பேர் விழவில்லை, சம்பளமும் இல்லை.

ஆழம் தவறியது அனுபவக் குறை, பயிற்சியால் சரியாகும். ஆனால் ஆபத்தின் அறிகுறியையே குணத்தின் அறிகுறி என்று சொல்லி ஒரு மனுஷியை ஒரு பகல் முழுவதும் வீட்டிலேயே வைத்திருந்ததை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. தோளிலோ மேல் முதுகிலோ நெஞ்சிலோ ஊசி போட்ட பின் நெஞ்சு நோவு, வறட்டு இருமல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும், அது உடனே வந்தாலும் பல மணி நேரம் கழித்து வந்தாலும், நுரையீரலில் துளை விழுந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து 1990 அம்புலன்சை அழையுங்கள். எங்கே, எவ்வளவு நீள ஊசி போட்டீர்கள் என்பதைத் துண்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அதை மறைத்தால் அங்குள்ள வைத்தியர் வாய்வு, மூட்டுப் பிடிப்பு என்று வேறெங்கோ தேட வேண்டியிருக்கும்.

அந்தப் புள்ளியைத் தொடத்தான் வேண்டுமென்றால் நோயாளியைப் படுக்க வையுங்கள், தோளை முழுவதும் திறவுங்கள், தசையைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளித் தூக்கி, தூக்கிய சதைக்குள் மட்டும் முன்னிருந்து பின்னாகக் குட்டை ஊசியைச் செலுத்துங்கள். பழகும் காலத்தில் அதுவும் வேண்டாம் என்பதே என் எண்ணம். அங்கே விரலால் அழுத்திவிட்டு, கையில் ஹௌ சி என்ற புள்ளியையும் முழங்காலுக்குக் கீழே யாங்லிங்சுவான் என்ற புள்ளியையும் எடுத்தாலே பெரும்பாலான கழுத்துப் பிடிப்புகள் இளகுகின்றன.

இடது தோள் நோவு

மேடேறும்போது வந்து, நின்றால் குறையும் நோவு இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். அதற்கு ஊசி போடாதீர்கள், அன்றே ஈ.சி.ஜி. எடுக்க அனுப்புங்கள்.

கர்ப்பம்

கேளுங்கள். கணவனும் மாமியாரும் வெளியே போன பிறகு மறுபடி கேளுங்கள். ஹெகு, சான்யின்ஜியாவ், மேலே சொன்ன ஜியான்ஜிங் ஆகிய மூன்று புள்ளிகளையும் கர்ப்பிணிகளுக்கு மரபே விலக்கியிருக்கிறது.

வெறும் வயிறு

தேத்தண்ணியோடு மட்டும் வந்தவரைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

மரத்த பாதத்தில் மொக்சா

மொக்சா என்பது காய்ந்த மூலிகையைக் கொளுத்திப் புள்ளிக்குச் சூடு காட்டுவது. இந்தக் குளிரில் அந்தச் சூட்டை வைக்கச் சொல்லி நோயாளியே கேட்பார், மறுக்க மனம் வராது. ஆனால் நீண்ட நாள் சர்க்கரை நோயாளியின் பாதத்துக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்புளம் எழும்பும்வரை "நல்லா இருக்கு" என்றே அவர் சொல்வார், அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரல்நுனியைத் தொட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் மொக்சாவை எடுத்து வையுங்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

அது உங்கள் வேலை அல்ல.

பெயர் தெரியாத மூலிகைப் பொதி

சீன மூலிகைகளில் மருந்தும் இருக்கிறது, நஞ்சும் இருக்கிறது. மாசிப்பச்சையின் இனத்தைச் சேர்ந்த சிங்ஹாவ் என்ற செடியிலிருந்து மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே மரபிலிருந்து வந்த ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்துபோன, உடல் எடையைக் குறைக்கும் மாத்திரைகளால் 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் பல பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டன. ஆகவே சீன எழுத்து மட்டும் உள்ள பொதியைக் கொடுக்கவும் வேண்டாம், நோயாளி கொண்டுவந்தால் தலையாட்டவும் வேண்டாம். அதிமதுரம் போன்ற பழகிய சரக்குகூட நாள்தோறும் அதிகமாகச் சேர்ந்தால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். கிளினிக் கொப்பியை வாங்கி, கடைசியாக எழுதிய பக்கத்தில் என்னென்ன மாத்திரைகள் இருக்கின்றன என்று முதலில் வாசியுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற பெயர் இருந்தால் அன்று மூலிகையும் இல்லை, தோலில் கிண்ணம் வைத்து உறிஞ்சும் கப்பிங்கும் இல்லை.