எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை முழுக்கப் பிரித்து சர்வீஸ் செய்யும் முறை

ஓடாமல் கிடக்கும் ஜனதாவைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் எந்தப் பாகமும் உடைந்திருக்காது. எண்ணெய் காய்ந்து பிசினாகி, சக்கர அச்சுகளின் முனைகளை, அவற்றைத் தாங்கும் சின்னக் கல் துளைகளுக்குள் பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் சுத்தம் செய்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு புது எண்ணெய் வைத்தால் கடிகாரம் மறுபடி வருடக்கணக்கில் ஓடும். ஆனால் பிரிக்காமல் இது நடக்காது. மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, ஊதி, மேலாக இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அனுப்புவதையும் சர்வீஸ் என்றுதான் சொல்கிறார்கள். பிசின் கொஞ்சம் இளகுவதால் கடிகாரமும் உடனே ஓடும். இளகிய அழுக்கு எங்கும் போய்விடவில்லை. கல் துளைக்குள்ளேயே புது எண்ணெயோடு கலந்து, எஃகு முனையை அராவித் தேய்க்கிற பசையாகிவிடுகிறது. பேரலுக்குள், அதாவது விசையைத் தேக்கும் மெயின் ஸ்பிரிங் இருக்கும் டப்பிக்குள், புகுந்த பெட்ரோல் ஸ்பிரிங்கில் இருந்த கிரீஸைக் கழுவிவிடும். அதைத் திரும்ப வைப்பவர் யாரும் இல்லை. நல்ல மெஷின்கள் தேய்ந்து வீணாவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஜனதாவுக்குள் இருப்பது எச்.எம்.டி. 0231. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் தொடங்கிய கடிகாரத் தயாரிப்பின் வழி வந்த மெஷின் இது. 17 கல், கையால் சாவி கொடுப்பது, நடுவில் விநாடி முள், மணிக்கு 18,000 டிக், அதாவது விநாடிக்கு ஐந்து. தேதியோ ஆட்டோமேட்டிக்கோ இல்லாததால் கை பழகுவதற்கு இதைவிட நல்ல மெஷின் கிடைப்பது கடினம். இதே அமைப்புள்ள மற்ற சாவிக் கடிகாரங்களுக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

கருவிகள்

0.8, 1.0, 1.2, 1.6 மி.மீ. ஸ்க்ரூ டிரைவர்கள் போதும். தகடு திருகின் பள்ளத்தை முழு அகலத்துக்கும் நிரப்ப வேண்டும். சின்னதைப் போட்டுத் திருகினால் நழுவி பிரிட்ஜில் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகட்டில்) கோடு விழும். ட்வீசர் 3-ம் எண் ஒன்று, ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளில் வேலை செய்ய 5-ம் எண் ஒன்று. பொதுவான பார்வைக்கு 5 மடங்கு லூப் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி), கல்லையும் முனையையும் பார்க்க 10 மடங்கு. முள் எடுக்கும் லீவர் ஒரு ஜோடி, மெஷின் ஹோல்டர், ரப்பர் ஊதுகுழல், எண்ணெய் வைக்கும் ஊசி இரண்டு அளவில், கூர்சீவிய மரக்குச்சிகள், கொஞ்சம் நெட்டி, விரலுறை. வியர்த்த விரல் பட்ட எஃகுப் பாகத்தில் நம் ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரமே துரு பூத்துவிடும், அதனால் விரலுறையை விட்டுவிடாதீர்கள்.

எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். மோபியஸ் 9010 வேகமாகச் சுற்றும் முனைகளுக்கும், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கும், எச்.பி. 1300 பேரல் அச்சு, சென்டர் வீல் போன்ற மெதுவான, பாரம் தாங்கும் இடங்களுக்கு. 9415, கடைசிச் சக்கரமான எஸ்கேப் வீலைப் பல் பல்லாக விடும் பேலட்டின் கற்களுக்கு. 8200 மெயின் ஸ்பிரிங்குக்கு. 9504 போன்ற கிரீஸ் சாவித் தண்டுப் பகுதிக்கு. தையல் மெஷின் எண்ணெய் இங்கே ஆகாது. அது கல்லைவிட்டுப் பரவி ஓடிவிடும், முனை வறண்டுபோகும்.

பிரிப்பது

முதலில் ஓடுகிற நிலையிலேயே கவனியுங்கள். டைம்கிராஃபர் (ஓட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியை மெஷினுக்கு அருகே வைத்து ஊசி துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் காந்தம் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு அடுக்கையும் எடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். திருகுகளை அடுக்குவாரியாகத் தனித்தனிக் குழியில் வையுங்கள், நீளம் மாறிய திருகு எதிர்ப்பக்கம் இருக்கும் சக்கரத்தில் முட்டும்.

பின்மூடியைத் திறந்ததும் செய்ய வேண்டியது மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்குவது. சாவிக் குமிழை விரல்களால் பிடித்து, சாவி கொடுக்கும் திசையில் இம்மியளவு திருப்பினால் கிளிக் (ஸ்பிரிங் திரும்ப அவிழாமல் பிடிக்கும் கொக்கி) சற்று விலகும். அதை மரக்குச்சி முனையால் அப்படியே தள்ளிப் பிடித்துக்கொண்டு, குமிழை விரல்களுக்கு நடுவே மெதுவாக நழுவவிடுங்கள். இதைச் செய்யாமல் பேலட்டைக் கழற்றினால் தேக்கிய விசை முழுவதும் சக்கரங்களில் ஒரே நொடியில் பாயும். பல் உடையும், முனை முறியும். மொத்த வேலையில் மிகப் பெரிய தவறு இதுதான்.

பிறகு சாவித் தண்டைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவரின் திருகை ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்திச் சாவித் தண்டை உருவுங்கள். முழுக்கக் கழற்றினால் லீவர் டயல் பக்கம் விழுந்துவிடும், டயலை எடுக்காமல் சரிசெய்ய முடியாது. மெஷின் வெளியே வந்ததும் தண்டை மறுபடி சொருகி, மணி முள்ளும் நிமிட முள்ளும் 12-ல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி திருப்பி, டயல்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, இரண்டு லீவரால் சமமாகத் தூக்குங்கள். பக்கவாட்டில் உள்ள டயல் கால் திருகுகளைத் தளர்த்தி டயலை எடுத்து உடனே ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். டயலைத் துடைக்கவே கூடாது. ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் அச்செழுத்து கூடவே வந்துவிடும். ஊதினால் போதும்.

அடுத்து மணி முள்ளின் சக்கரமான ஹவர் வீலையும், பிறகு நிமிட முள்ளைச் சுமக்கும் கேனன் பினியனையும் எடுங்கள். கேனன் பினியன் இறுக்கமாக இருக்கும். நேர் மேலே இழுங்கள், சாய்த்தால் சென்டர் வீல் அச்சு வளையும்.

மெஷினைத் திருப்பி பேலன்ஸ் பிரிட்ஜின் திருகை எடுங்கள். பிரிட்ஜின் அடியில் ட்வீசர் நுழைக்கப் பள்ளம் இருக்கும். அங்கே நெம்பித் தூக்கும்போது பேலன்ஸ் வீல் ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கியபடி வரும். வீல் எங்காவது மாட்டினால் இழுக்காதீர்கள், லேசாகச் சுழற்றினால் விடுபடும். அடுத்து பேலட் பிரிட்ஜ், பேலட். பிறகு சாவி கொடுக்கும்போது சுற்றும் ராட்செட் வீல், கிரவுன் வீல். பல மெஷின்களில் கிரவுன் வீல் திருகு இடது மரை. தலையில் மூன்று கோடு இருந்தால் அது சந்தேகமில்லாமல் இடது மரைதான். கோடு இல்லாவிட்டாலும், வராத திருகை அழுத்திப் பார்ப்பதற்கு முன் எதிர்த்திசையில் லேசாக முயலுங்கள். கிளிக் ஸ்பிரிங் பறக்கும் பொருள். மரக்குச்சியால் அழுத்திக்கொண்டே எடுங்கள். பேரல் பிரிட்ஜ், சக்கரங்களின் பிரிட்ஜ், சக்கரங்கள், பேரல் என்று வரிசையாக வந்துவிடும்.

கழுவுவது

ஒயிட் பெட்ரோல் அல்லது லைட்டர் திரவம் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில்: ஒன்று கழுவ, ஒன்று அலச. வண்டிக்குப் போடும் பெட்ரோல் காய்ந்தபின் படிவு விடும். அருகில் தீ இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் கடைசி அலசலுக்குப் பலர் பயன்படுத்துகிறார்கள். பேலட்டையும் பேலன்ஸையும் மட்டும் அதில் ஊறவைக்காதீர்கள். பேலட் கற்களையும், பேலன்ஸில் இருக்கும் ரோலர் கல்லையும் ஒட்டியிருப்பது அரக்கு, ஆல்கஹாலில் அது கரையும்.

ஊறவைத்தால் மட்டும் கல் சுத்தமாகாது. மரக்குச்சியைக் கூராகச் சீவி, ஒவ்வொரு கல் துளையிலும் நுழைத்துச் சுழற்றுங்கள். முனை பழுப்பாக வரும். மறுபடி சீவி மறுபடி சுழற்றுங்கள், குச்சி வெள்ளையாக வெளியே வரும்வரை. துளையுள்ள எல்லாக் கல்லுக்கும் இதைச் செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகலாம், ஆனால் சர்வீஸ் என்று சொல்லத்தக்க வேலை இங்கேதான் இருக்கிறது. சக்கர முனைகளை நெட்டியில் குத்தி எடுத்தால் அதில் ஒட்டியிருப்பது வந்துவிடும்.

பேலன்ஸின் மேலும் கீழும் உள்ள பாரா ஷாக் என்ற அதிர்ச்சி தாங்கும் அமைப்பில் ஸ்பிரிங்கை விடுவித்து, மூடிக் கல்லையும் துளைக் கல்லையும் எடுத்துத் தனியாகக் கழுவுங்கள். முக்கி எடுக்கும் முறையில் சுத்தமாகவே ஆகாத இடம் இது. கல் பயறைவிடச் சின்னது, தரையில் விழுந்தால் கிடைக்காது. வெள்ளைத் தட்டின் மேல் வேலை செய்யுங்கள்.

மெயின் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளை உலோக ஸ்பிரிங் விரிந்து எஸ் வடிவில் கிடந்தால் நல்லது. நீல எஃகு ஸ்பிரிங் பேரலுக்குள் இருந்த அளவுக்கே சுருண்டு கிடந்தால் விசை போய்விட்டது, மாற்றிவிடுங்கள். திரும்பப் பேரலுக்குள் போட வைண்டர் வேண்டும். விரலால் சுற்றி நுழைத்தால் ஸ்பிரிங் கூம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு பேரல் மூடியில் உரசும்.

பூட்டுவது

பேரலையும் சக்கரங்களையும் வைத்து பிரிட்ஜை மேலே இறக்கியபின் அவசரப்படக் கூடாது. பிரிட்ஜை விரலுறை போட்ட விரலால் பாரமில்லாமல் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு அச்சையும் ட்வீசரால் நகர்த்தி முனை துளைக்குள் இறங்குவதைப் பாருங்கள். எல்லாம் இறங்கினால் பிரிட்ஜ் தானாக ஒரு படி கீழே அமரும். திருகை இறுக்க இறுக்க பேரலைத் தள்ளி சக்கரங்கள் சுற்றுகின்றனவா என்று சோதித்தபடி இருங்கள். சுற்று நின்றால் உடனே திருகைத் தளர்த்துங்கள். மேலும் ஒரு கால் சுற்று இறுக்கினால் முனை ஒடியும்.

பேலட் வைப்பதற்கு முன் ஒரு சோதனை. ராட்செட்டில் இரண்டு மூன்று பல் அளவுக்கு மட்டும் சாவி கொடுங்கள். சக்கரங்கள் சர்ரென்று ஓடி, கடைசியில் எஸ்கேப் வீல் நின்று, ஒரு கணம் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். அந்தப் பின்சுற்று வந்தால் வழியில் தடை எதுவும் இல்லை. திடுமென்று நின்றால் எங்கோ அழுக்கோ வளைந்த முனையோ இருக்கிறது. பேலன்ஸைப் போட்டபின் தேடுவதைவிட இப்போதே தேடுவது நல்லது.

இனி எண்ணெய். கல்லின் கிண்ணத்தில் பாதிக்குச் சற்று மேல் வந்தால் போதும், முனையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் தெரியும். கிண்ணம் வழிந்தால் எண்ணெய் அங்கே நிற்காது, பிரிட்ஜுக்கடியில் இழுபட்டுப் போய்விடும். வழிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். மூடிக் கல்லில் எண்ணெயை நடுவில் வைத்துத் துளைக் கல்லை மூடினால், கல்லின் குறுக்களவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு அகலத்துக்கு வட்டம் தெரிய வேண்டும். பேலட்டின் முனைகளுக்கு எண்ணெய் வைக்கவே வேண்டாம். அது சுற்றுவதில்லை, சின்னதாக ஆடுகிறது. எண்ணெயின் பிடிப்பே பேலன்ஸ் ஆடும் வீச்சைக் குறைத்துவிடும். பேலட் கல்லுக்கு மட்டும் 9415: வெளியேறும் கல்லின் முகத்தில் துளி வைத்து, பேலட்டைத் தட்டித் தட்டி எஸ்கேப் வீலின் ஐந்து பல்லைக் கடக்கவிடுங்கள். மூன்று முறை செய்தால் 15 பல்லும் தொடப்பட்டுவிடும்.

சிறிது சாவி கொடுத்து பேலட்டின் முள்கரண்டியைத் தொட்டால், அது எதிர்ப்பக்கச் சுவருக்குப் பட்டென்று தாவ வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் திரும்பிப் பாருங்கள். பிறகு பேலன்ஸை இறக்குங்கள். ரோலர் கல் கரண்டிக்குள் விழுந்ததும் கடிகாரம் தானாக உயிர்பிடிக்கும். அந்த நொடிக்காகவே இந்த வேலையைச் செய்கிறவர்கள் உண்டு.

ஓட்டத்தைச் சரிசெய்வது

முழுச் சாவி கொடுத்து அரை மணி நேரம் ஓடவிட்டபின் அளவெடுங்கள். டயல் மேலே பார்க்க வைத்தால் வீச்சு 260 முதல் 300 டிகிரி வரை இருந்தால் மனநிறைவு கொள்ளலாம். நிமிர்த்தி வைத்தால் 20 முதல் 40 டிகிரி குறையும், அது இயல்பு. ஒரு நாள் கழித்தும் 200-க்குக் கீழே போகக் கூடாது. டைம்கிராஃபரில் லிஃப்ட் ஆங்கிளை (பேலட்டோடு தொடர்பில் இருக்கும்போது பேலன்ஸ் திரும்பும் கோணம்) தவறாகக் கொடுத்தால் வீச்சும் தவறாகவே தெரியும் என்பதை மறக்க வேண்டாம். பீட் எரர் (டிக், டாக் இடைவெளிகளின் வித்தியாசம்) 1 மில்லி விநாடிக்குக் கீழே இருந்தால் இந்த வயதுக் கடிகாரத்தில் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. ஹேர் ஸ்பிரிங்கின் வெளிமுனையைப் பிடிக்கும் ஸ்டட் நகராத அமைப்பில், உள்முனையைப் பிடிக்கும் காலெட்டைத் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். அதில் ஹேர் ஸ்பிரிங்கைக் கெடுத்துக்கொள்ளும் வாய்ப்பே அதிகம். வித்தியாசத்தை நாளுக்கு 20, 30 விநாடிக்குள் நிறுத்தினால் போதும்.

கோளாறுகளைப் பொறுத்தவரை சில அறிகுறிகள் நேராக இடத்தைக் காட்டும். நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் ஹேர் ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டியிருக்கின்றன: காரணம் காந்தம் அல்லது எண்ணெய். காந்தத்துக்கு டிமேக்னடைசர், பொத்தானை அழுத்தியபடியே கடிகாரத்தை ஓரடி தூரம் விலக்கி, பிறகு பொத்தானை விட வேண்டும். மெஷின் நன்றாக ஓடியும் முள் மட்டும் பின்தங்கினால் கேனன் பினியன் தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மணியும் ஒரே இடத்தில் நின்றால் முள்ளோடு முள் உரசுகிறது, அல்லது ஒரு பல் கெட்டிருக்கிறது. படுக்க வைத்தால் ஓடி நிமிர்த்தினால் நின்றால் பேலன்ஸ் முனைகளை 10 மடங்கில் பாருங்கள், தேய்ந்தோ வளைந்தோ இருக்கும். சாவி கொடுக்கும்போது வழுக்கிக்கொண்டு போனால் கிளிக்கையும் மெயின் ஸ்பிரிங்கின் உள்முனைக் கொக்கியையும் பாருங்கள்.

எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. புதுப் பாகம் கிடைப்பது அரிது. உடைந்த டயலோடு மலிவாக வரும் 0231 மெஷின் ஒன்றை உதிரிக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது பேலன்ஸ் தடையில்லாமல் ஆடுகிறதா, திருகுப் பள்ளங்கள் சிதையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளம் சிதைந்த மெஷினுக்குள் ஏற்கெனவே யாரோ தவறான ஸ்க்ரூ டிரைவரோடு போயிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.