கரடிக்கான ஸ்லாவியச் சொல்: 'தேனை அறிந்தவன்' என்று எழுதாதீர்கள்

2008 முதல் 2012 வரை ரஷ்ய அதிபராக இருந்தவர் மெத்வதேவ். அந்தக் குடும்பப் பெயருக்குள் ஒரு கரடி இருக்கிறது. ரஷ்ய மொழியில் கரடி 'மெத்வேத்'. இந்தச் சொல்லின் மூலவடிவம், ரஷ்யன், போலிஷ், செக் போன்ற ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான தொல்-ஸ்லாவியத்தில் *மெத்வேதி என்கிறார்கள். முன்னால் இருக்கும் நட்சத்திரக் குறியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எந்த ஏட்டிலும் இப்படி எழுதி வைக்கவில்லை, பின்வந்த மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்பதற்கான அடையாளம் அது.

அதிகம் நடக்கும் தவறு, சொல்லைப் பிரிப்பதில்தான். மெத் என்றால் தேன், வேத் என்றால் அறிவது, ஆகவே 'தேன் இருக்குமிடம் அறிந்தவன்' என்று ரஷ்யர்களே நிறையப் பேர் சொல்வார்கள். நமக்கோ 'வேதம்' உடனே நினைவுக்கு வந்துவிடும், அந்த 'அறி' வேரும் வேதத்துக்கு உறவுதான் என்பதால் இந்தப் பொறி இன்னும் ஆழம். ஆனால் இந்தச் சொல்லில் அந்த வேர் இல்லை. தேனுக்கான பழைய அடி 'மெது', உண்பதற்கான வேர் 'ஏத்'. மனு + அந்தரம் மன்வந்தரம் ஆகிறதல்லவா, அதேபோல் உகரம் உயிருக்கு முன் வகரமாகிவிட்டது, அவ்வளவுதான். பொருள்: தேன் தின்னி.

சரி, 'மது' நமக்குத் தெரிந்த சொல்லாயிற்றே, அப்படியானால் சமஸ்கிருதத்திலிருந்துதான் ஸ்லாவியத்துக்குப் போயிருக்கும் என்று அடுத்த அடி வைக்காதீர்கள். இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தின் பிள்ளைகள், தாயும் மகளும் அல்ல. ரிக்வேதத்தில் (1.164.22) 'மத்வத்' என்றே ஒரு சொல் வருகிறது, அமைப்பும் அதே, ஆனால் அங்கே இனியதை உண்பவை மரத்தில் அமர்ந்த பறவைகள்! கரடிக்கு அங்கே 'ருக்ஷ'. கிரேக்கத்தில் 'அர்க்தோஸ்', லத்தீனில் 'உர்சுஸ்'. இந்த மூன்றும் ஆதி இந்தோ-ஐரோப்பியக் கரடிச் சொல்லின் வாரிசுகள், ஸ்லாவியம் அதைத் தொலைத்துவிட்டது. பெயரைச் சொன்னால் விலங்கே வந்து நிற்கும் என்ற அச்சத்தில் புனைபெயர் வைத்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம், ஆனால் அச்சத்துக்கு நேரடிச் சான்று கிடையாது, அதனால் 'விளக்கம்' என்றே எழுதுங்கள்.

அப்புறம், இன்றைய வடிவத்தை வைத்துப் பொருள் சொல்வது. போலிஷில் 'நியெஜ்வியெச்', முதலில் இருந்த மகரம் நகரமாகிவிட்டது. 'நியெ' அங்கே 'இல்லை' என்ற சொல்லாகவும் இருப்பதால் யாராவது 'இல்லாத' எதையோ தேடிப் போய்விடுவார்கள். உக்ரைனியனில் எழுத்துகள் இடம் மாறி 'வெத்மீத்'. செக்கில் 'மெத்வியெத்', மூலத்துக்கு அருகிலேயே நிற்கிறது. ஹங்கேரியனின் 'மெத்வெ'யையும் இந்த வரிசையில் பிள்ளையாகச் சேர்க்காதீர்கள், அது வேறு மொழிக்குடும்பம், சொல்லை ஸ்லாவியர்களிடம் கடன் வாங்கியது.